சிறார் கையிற் சித்திரச் சீலை

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, கல்லூரி ஈன்ற பெரியாரைப் பற்றியது. மற்றையது, கல்லூரிக்கு இன்னும் வேண்டிய கட்டிடங்களைப் பற்றியது. இரண்டும் வேண்டியனவே. எனினும் இம்மலரின் சில பக்கங்களைச் சிறியதொரு பொருளுக்காக வேண்டிப் பெற்றுள்ளேன். ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள சிறார் முன்னே அகன்றதொரு சீலையை விரித்து, அவர் கையிலே தூரிகையைக் கொடுத்து, பரிசும் புள்ளியும் திருத்தமும் இன்றிக் களிப்பொன்றே பயனாக வண்ணந் தீட்ட விடுதல் வேண்டும். பெரியோராகிய நாமும் அவர் பக்கத்தே தரையிலமர்ந்து தீட்டுதல் வேண்டும் என்பதே யான் சொல்லப் புகுவது. இது விளையாட்டுக் காரியமன்றோ என்பர் சிலர். ஆம், விளையாட்டே. விளையாட்டாக இருக்கும்வரையே அதனாற் பயனுண்டு என்பது என் துணிபு.

இன்று பல பாடசாலைகளிலே சித்திர பாடவேளையில் நடைபெறுவது யாது? ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வீடு, இரண்டு மலை, மலைகளின் நடுவே பாதி எழுந்த சூரியன், வளைந்தோடும் ஓர் ஆறு, அதன் கரையில் ஒரு தென்னை ஆகியவற்றை வரைகின்றார். பிள்ளைகள் அதனைப் பார்த்து வரைகின்றனர். பருத்தித்துறைப் பிள்ளையும் இப்படத்தையே வரைகின்றது. தெல்தோட்டைப் பிள்ளையும் இதனையே வரைகின்றது. பருத்தித்துறையிலே மலை இல்லை. ஆதலின் அப்பிள்ளை அதனை முக்கோணமாக வரைவதிற் குற்றமில்லை. ஆனால் யன்னலுக்கு வெளியே படிப்படியாகத் தேயிலை நிரை ஏறி, மூடுபனியிற் பாதி மறைந்து நிற்கும் மலையை நாள்தோறும் காணும் பிள்ளை, அதனை விடுத்துக் கரும்பலகை முக்கோணத்தை வரையுமாயின், அது கற்றுக்கொண்டது சித்திரமன்று. தன் கண்ணை நம்பலாகாது என்பதையே கற்றுக்கொண்டது.

போட்டிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒக்டோபர் முதலாந் திகதி வரும் சிறுவர் தினத்துக்கும் வேறு விழாக்களுக்கும் சித்திரப் போட்டிகள் அறிவிக்கப்படுகின்றன. பொருளைப் பெரியோர் தெரிகின்றனர். படத்தையும் பல வீடுகளிற் பெரியோரே எண்ணிக் கொடுக்கின்றனர். நூறு பிள்ளைகள் வரைந்தால் மூவருக்குப் பரிசு கிடைக்கும். எஞ்சிய தொண்ணூற்றேழு பேரும் அன்று வீடு செல்லும்போது, "எனக்குச் சித்திரம் வராது" என்னும் முடிவொன்றைக் கூடவே கொண்டு செல்கின்றனர். ஆறு வயதிற் பெற்ற அம்முடிவை அறுபது வயதிலும் கைவிடாதார் நம்முள் எத்துணைப் பேர்! இம்மலரைப் படிப்போர் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்க.

பிள்ளைச் சித்திரத்துக்குத் தனியானதோர் இலக்கணம் உண்டு. இரண்டு வயதளவிற் கோடு கிறுக்கத் தொடங்கும் பிள்ளை, மூன்றாம் வயதளவில் அக்கிறுக்கலினின்றும் வட்டத்தைத் தானே கண்டெடுக்கின்றது. வட்டத்தினுள் இரு கண்ணும் அதன் கீழ் இரு காலும் சேர்ந்தவுடன் அது மனிதனாகின்றது. உடம்பு எங்கே என்று நாம் நகைக்கின்றோம். வாற்பேத்தை போன்ற இம்மனிதனை உலகின் பல பாகங்களிலுமுள்ள பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வரைகின்றனர். பின்னர் நிலம் ஒரு கோடாகவும் வானம் மற்றொரு கோடாகவும் தோன்றும். வீட்டுச் சுவரினூடே உள்ளிருப்போர் தெரிவர். தன் அன்புக்குரியவர் பெரியராகவும் ஏனையோர் சிறியராகவும் அமைவர். தாய் மலையினும் பெரியவளாக நிற்றல் கூடும். இது பிழையன்று. கோயிற் சுவரோவியத்தில் இறைவன் பெரியவனாகவும் அடியார் சிறியராகவும் தீட்டப்படுதல் எம்முறையோ அம்முறையே இதுவும். இப்படிநிலைகளை விரித்து ஆராய்ந்து 1947ஆம் ஆண்டிலே நூலெழுதிய விக்டர் லோவன்பெல்ட் என்பார், கோடு போட்டுக் கொடுத்து வண்ணம் நிரப்பச் சொல்லும் புத்தகங்கள் பிள்ளையின் தன்னம்பிக்கையைக் கெடுக்கும் எனக் கண்டித்தார். அவருக்கும் அரை நூற்றாண்டு முன்னரே, 1897இல், வியன்னா நகரிலே பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியர், பார்த்து வரைதலை விலக்கி, பிள்ளைகள் தம் மனத்திலுள்ளதை வரைதற்கென்றே ஒரு வகுப்பைத் திறந்திருந்தார்.

மேனாட்டார் கொள்கை நமக்கு எற்றுக்கு என வினவுவார்க்கு நம் நாட்டு வரலாறே விடை பகரும். 1920ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே சித்திர வித்தியாதரிசியாக இருந்த சி. எவ். வின்சர், மாதிரியைப் பார்த்து வரையும் பழைய முறையைத் தளர்த்தி, மாணாக்கரின் கற்பனைக்கு இடமளிக்க முயன்றார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்றவர், 1943இல் தோன்றிய '43 குழு' ஓவியருள் ஒருவரான ஜெப்ரி பீலிங். யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் பெயராலேயே ஓர் ஓவியக் கழகத்தை நிறுவினார். கொழும்பிலே கோரா ஏபிரகாம் அம்மையார் 1949இல் தொடங்கிய வகுப்புகளிலே சிறார் தம் விருப்பப்படி வண்ணந் தீட்டினர். ஆகவே யான் கூறுவது புதுமையன்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்தில் ஏற்றப்பட்ட விளக்கின் ஒளி மலையேறி வந்தது மிகச் சிறிதே. தோட்டப் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டின் பின்னர். அதற்கு முன் பெரும்பாலான தோட்டங்களில் ஒரே ஆசிரியர் ஒரே கூடத்தில் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். எழுத்தறிவித்தலே பெரும்பாடாக இருந்த அந்நாளில் வண்ணக் குழம்புக்கு இடமேது? அக்குறை அன்று மன்னிக்கத்தக்கது. இன்றும் அது தொடருமாயின் மன்னிக்கத்தக்கதன்று.

கண்டிப் பகுதி ஓவியத்துக்கு வறிய பகுதியுமன்று. தெகல்தொறுவைக் குகை விகாரையின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை அறியாதார் யார்? திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில், அக்கல்லூரியின் பழைய மாணவரான டேவிட் பெயின்ரர், விவிலியக் காட்சிகளை இலங்கை நிலக்காட்சிகளினிடையே தீட்டினார். 1901இற் கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற் உலகறிந்த ஓவியராயினார். ஆனால் நகரை விட்டு மேலேறித் தேயிலை நாட்டுக்கு வந்தால், அங்கே சித்திரத்தின் வரலாறு வேறு விதமானது. தெல்தோட்டைக்கு அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்ட நாள் முதலாக, இம்மலைகளும் இங்குள்ள தொழிலாளரும் எண்ணிறந்த முறை படமாக்கப்பட்டுள்ளனர். தேயிலைப் பெட்டியிலும் நாட்காட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடை சுமந்த பெண்ணொருத்தி நகைத்துக்கொண்டே நிற்கின்றாள். அவளுக்கு மழையில்லை, அட்டைக்கடியில்லை, காலைப் பெரட்டில்லை, பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த மகவின் நினைவுமில்லை. அப்படத்தைத் தீட்டியவன் அவளை விலைக்குரிய பொருளோடு சேர்த்துக் கண்டான். அவளுடைய பிள்ளை அவளை எவ்வாறு காண்கின்றது என்பதை யாரும் கேட்டிலர்.

1823இலே கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்தை மலையகத் தமிழர் வருகையின் தொடக்கமாகக் கொண்டு, 2023இல் இருநூறாண்டு நினைவு கொண்டாடப்பட்டது. உரைகளும் மலர்களும் புகைப்படங்களும் மிக வந்தன. பழைய படங்களிற் பெரும்பாலன தோட்டத்துரைமாரும் வெளியாரும் எடுத்தவை. மலைநாட்டுப் பிள்ளை தானே தன் கையால் வரைந்து, நாளும் இடமும் குறித்துப் பேணப்பட்ட சித்திரங்களைத் தேடுவோமாயின் நம் கை வெறுங்கையாகவே திரும்பும். பிறர் தீட்டிய படத்திலே தன்னைக் கண்டு வளர்ந்த சமுதாயம், தன் கண்ணாலே தன்னைக் காணப் பழகுவது சிறுபருவத்திலேயே தொடங்கவேண்டும். இதுவே யான் இவ்விளையாட்டைச் சிறிதென்று கருதாமைக்குக் காரணம்.

தாள் போதாதோ, சீலை எதற்கு என்பது அடுத்த வினா. கன்வஸ் என்று இன்று கடையில் விற்கும் கித்தானைக் கண்டு அது மேனாட்டுப் பொருள் என மயங்கவேண்டா. கோயிலிலே மூலத்தானத்தின் முன் தொங்கும் திரைச்சீலையில் முருகனும் மயிலும் தீட்டப்பட்டிருத்தலை நம் பிள்ளைகள் கண்டுள்ளனர். தேரிலே தொங்கும் தொம்பையையும் கண்டுள்ளனர். சோழநாட்டுச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலே கோயில்களுக்கெனத் துணியில் ஓவியந் தீட்டும் மரபு வழிவழி வந்தது. கண்டி இராச்சியத்திலும் துணியில் ஓவியந் தீட்டும் வழக்கம் இருந்தமையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலாலே அறிகின்றோம். ஆகவே சீலை நமக்கு உறவே. அன்றியும் தாள் ஒருவர்க்குரியது, சீலை பலர்க்குரியது. தாளின்மேற் பிள்ளை குனிந்து விரலால் வரைகின்றது. சீலையின்முன் தோளையும் முழங்கையையும் வீசித் தீட்டுகின்றது. ஈரத் தூரிகை இரண்டாம் முறை பட்டதும் தாள் கிழியும், சீலை பொறுக்கும். பிள்ளை ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறத்தைப் பூசி, வேண்டாவென்று மறைத்து, மீண்டும் தீட்டலாம். தவறு செய்ய இடங்கொடுக்கும் பொருளே சிறார்க்கு ஏற்ற பொருள்.

செய்முறை எளிது. வெளுக்காத பருத்திக் காடாத் துணியை ஆறடி நீளமும் நாலடி அகலமுமாக வெட்டி, ரீப்பைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, சுவருக்குப் பூசும் நீரிற் கரையும் வெள்ளை வர்ணத்தை இருமுறை பூசுதல் வேண்டும். முதற்பூச்சுக் காய்ந்தபின் அரத்தாளால் மெல்லத் தேய்த்து இரண்டாம் பூச்சிட்டால் துணி வண்ணத்தை உறிஞ்சாது. நம் மலையிலே மூடுபனிக் காலத்திற் காய்வதற்கு ஒரு நாள் மிகுதியாக வேண்டும்; ஈரமிருக்கச் சுருட்டினாற் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்றும் வெள்ளையும் போதும். பச்சை வேண்டிய பிள்ளை அதனை மஞ்சளிலும் நீலத்திலுமிருந்து தானே உண்டாக்கட்டும். தேயிலைக் கொழுந்தின் பச்சைக்கும் முற்றிய இலையின் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை அப்பொழுதே அது தன் கையால் அறியும். ஈயம் கலவாத, நீரிற் கழுவினாற் போகும் போஸ்டர் வர்ணமே சிறார்க்கு உகந்தது. அக்கிரிலிக் வர்ணம் காய்ந்தபின் உடுப்பை விட்டு நீங்காது. எண்ணெய் வர்ணமும் அதற்குரிய தேர்ப்பந்தைனும் இவ்வயதினர்க்கு ஆகா. ஓரங்குல அகலத் தூரிகை, கடற்பஞ்சு, தும்பு, விரல் என எல்லாம் கருவியே. தந்தையின் பழைய சட்டையை முன்பின்னாக அணிவித்தால் உடுப்புக்கும் காப்பாகும். சட்டத்தைத் தரையிற் கிடத்தி, ஒரு சீலைக்கு எண்மருக்கு மேற்படாமற் சுற்றி அமர்த்தினால் வண்ணம் வழியாது. பிள்ளைகளுக்குள் இடச்சண்டையும் குறையும்.

இவற்றினும் கடினமானது பெரியோர்க்குரிய விதி. பிள்ளையின் படத்தில் நம் தூரிகை படலாகாது. "இது என்ன?" என்று வினவுதலும் வேண்டா, அவ்வினாவிலே "எனக்கு விளங்கவில்லை" என்னும் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கின்றது. "இதைப்பற்றி எனக்குச் சொல்லு" என்றால் பிள்ளை ஒரு கதையே சொல்லும். நாமும் ஒரு மூலையிலே நமக்கு இயன்றதைத் தீட்டவேண்டும். வெட்கப்படுவார்க்கு ஒரு செய்தி: கவி தாகூர் அறுபதைக் கடந்த பின்னரே ஓவியத்தை ஊன்றித் தொட்டார். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய வரிகளை இணைத்து உருவங்களாக்கியதே அவருக்குத் தொடக்கமாயிற்று. 1930இல் அவருடைய ஓவியங்கள் பாரிசிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. நாம் பாரிசுக்குச் செல்லவேண்டியதில்லை. தரையில் அமர்ந்தாற் போதும். பெரியவர் ஒருவர் தமக்கு வராததொன்றை அஞ்சாமற் செய்வதைக் காணும் பிள்ளை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடமொன்றைப் பெறுகின்றது.

தடைகளை யான் அறியாமலில்லை. முதலாவது, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. மூன்றாந் தரத்திலேயே பிள்ளையின் மாலைப்பொழுதும் வார இறுதியும் அதற்கு ஈடுவைக்கப்படுகின்றன. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஒரு கதவு என்பதை யான் மறுக்கவில்லை; தோட்டத்துப் பெற்றோரின் கவலை நியாயமானது. சித்திரந் தீட்டினாற் கணிதத்திற் புள்ளி கூடும் என்று சொல்லி அவர்களை இணங்கச் செய்தல் எளிது. யான் அவ்வாறு கூறேன். அவ்வாறு கூறுவது களிப்பை மீண்டும் பரீட்சைக்குக் கூலியாளாக்குவதாகும். மாதத்தில் ஒரு முற்பகல் பிள்ளைக்கு உரியதாகட்டும் என்று மட்டுமே வேண்டுகின்றேன். இரண்டாவது, செலவு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது; கொப்பி வாங்கவே இடர்ப்படும் வீட்டாரிடம் வண்ணம் கேட்டல் தகாது. ஆதலாலேதான் இதனைப் பழைய மாணவர் முன் வைக்கின்றேன். ஒரு பரிசளிப்பு விழாவின் கேடயங்களுக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியே இதற்குப் போதும். மூன்றாவது, திறமை. கொச்சியிலே 1976இற் பிறந்து, ஏழு வயது நிறையுமுன் 1983இல் மறைந்த கிளின்ற் என்னும் பாலகன் ஏறத்தாழ 25,000 சித்திரங்களை விட்டுச்சென்றான். அத்தகைய பிள்ளை இலட்சத்தில் ஒன்று. அதற்கு யாரும் வழிகாட்ட வேண்டுவதில்லை. யான் பேசுவது எஞ்சியுள்ள பிள்ளைகளைப் பற்றி.

பரிசின்றிச் செய்யும் கலை நிலைக்குமோ என ஐயுறுவோர் தம் வீட்டு வாசலை நோக்குக. நம் அன்னையர் பொங்கல் நாளிலும் மார்கழி வைகறையிலும் குனிந்து நின்று கோலமிடுகின்றனர். உச்சிப்பொழுதுக்குள் அது காலடியில் அழிகின்றது. யாரும் புள்ளி வழங்குவதில்லை. மறுநாள் மீண்டும் இடுகின்றனர். லயத்து வாசலின் சிறு நிலத்திலும் அக்களிப்புக் குன்றாமல் வந்துள்ளது. தாய் தரையிற் காட்டிய அதே சுதந்திரத்தைப் பிள்ளைக்குச் சீலையிற் கொடுத்தலே யான் வேண்டுவது.

இன்னுமொரு பயனைச் சொல்லாமல் விடுதல் தகாது. தெல்தோட்டை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் ஊர். கடைவீதியிலும் பஸ்ஸிலும் கலந்து பழகும் நாம், பிள்ளைகளை மாத்திரம் வெவ்வேறு பாடசாலைகளுக்கு அனுப்புகின்றோம். மட்டக்களப்பிலே போர்க்காலத்தில், 1996இல், யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் இடத்தை அமைத்தனர். போரின் கொடுமையைக் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றுகூடி வண்ணந் தீட்டினர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர். அவர்களை வேலியின் இருபுறமும் நிறுத்தியது பெரியோர் உலகம். அருகருகே இருத்தியது விளையாட்டு. அத்துணைத் துன்பத்தினிடையே இயன்றது, அமைதியான நம் ஊரில் இயலாதோ? ஒரு சீலையின் மூன்று பக்கங்களில் மூன்று பாடசாலைப் பிள்ளைகள் அமர்ந்தால், நடுவிலே ஒருவர் மலையும் மற்றவர் வானமும் வந்து முட்டும். எவருடைய நீலம் எதுவரை செல்வது என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வர். நாம் தலையிடாதிருத்தலே அங்கும் நம் கடமை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இது. விசயதசமியன்று ஏடு தொடக்கி, பச்சரிசியிற் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் மரபினர் நாம். அன்று விரலைப் பிடிக்கின்றோம். பிறிதொரு நாள் அவ்விரலை விட்டுவிடுதலும் வேண்டும். ஆண்டுதோறும் வாணிவிழாக் காலத்தில் ஒரு நாளைச் சிறாரின் சித்திரச் சீலைக்கென ஒதுக்குவோம். அயற் பாடசாலைச் சிறாரையும் அழைப்போம். நடுவர் வேண்டா, சான்றிதழ் வேண்டா, பிரதம விருந்தினர் வருவாராயின் அவருக்கும் ஒரு தூரிகை கொடுப்போம். தீட்டி முடிந்த சீலையின் பின்புறத்திலே நாளையும் இடத்தையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதி, ஓராண்டு கல்லூரி மண்டபத்திலே தொங்கவிட்டு, பின்னர்ப் பத்திரமாகச் சுருட்டி நூலகத்திற் பேணுவோம். கேடயங்களுக்கு ஒரு கண்ணாடிப் பேழை இருப்பதுபோல இச்சீலைகளுக்கும் உலர்ந்ததொரு பெட்டி இருக்கட்டும்.

இன்னும் இருபத்தைந்து ஆண்டு கழித்து மற்றொரு விழா மலர் வெளிவரும். அதன் ஆசிரியர் இம்மலைநாட்டின் தோற்றத்தை நாடித் தேயிலைப் பெட்டியைத் தேடவேண்டியதில்லை. நூலகத்திலே இருபத்தைந்து சீலைகள் இருக்கும். அவற்றிலே மலை இருக்கும், மழை இருக்கும், மலையினும் பெரியவளாய்த் தாய் நிற்பாள். அவளைத் தீட்டியவர் அப்பொழுது நம்மைப்போற் பழைய மாணவராகிவிட்டிருப்பர். கல்லூரியைப் பல்லாண்டு வாழ்த்தும் இந்நாளிலே, அதற்கு நாம் அளிக்கக்கூடிய எளிய கொடைகளுள் இதனினும் நீடு நிற்பதொன்றை யான் அறியேன்.